சூடு போகிற வழி

அந்த அக்கா எதையுமே புறங்கையால்தான் தொட்டுப் பார்ப்பாள். தோசைக்கல், பால் பாத்திரம், ஜுரம் வந்த பிள்ளையின் கழுத்து, வெயிலில் நின்ற வண்டியின் சீட் என்று எது கண்ணில் பட்டாலும் கையைத் திருப்பி விரல் முட்டிக்கு மேலே இருக்கிற தோலால் ஒரு தடவு தடவுவாள். உள்ளங்கை அவளுக்கு உதவாது. கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து பட்டு நூலைக் கொதிக்கிற சாய அண்டாவில் முக்கி, பிழிந்து, உதறி அந்தத் தோல் மரத்துப் போயிருந்தது. ரேகைகளில் எந்த சோப்புக்கும் போகாத ஒரு கலர் எப்போதும் ஒட்டியிருக்கும். ஒரு வாரம் மாம்பழ மஞ்சள், அடுத்த வாரம் அரக்கு. கையைப் பார்த்தே இந்த வாரம் எந்தக் கலருக்கு ஆர்டர் என்று சொல்லிவிடலாம்.

நான் அப்போது ஆரணியில் ஒரு பட்டுக்கடையில் வேலை பார்த்தேன். ஆன்லைனில் விற்கிற புடவைகளைப் போட்டோ எடுத்துப் பார்சல் கட்டுகிற வேலை. பக்கத்துச் சேவூரில் அக்கா வீட்டு மாடியில் குடியிருந்தேன். கீழே முன் அறையில் தறி. அதில் அக்காவின் வீட்டுக்காரர் உட்கார்ந்திருப்பார், அவரை மாமா என்பேன். அதற்கு அடுத்த அறையில் அக்காவின் தம்பி படுத்திருந்தான். கொல்லையில் சாயக் கொட்டகை. மாடிப்படி தறி அறைக்குள்ளேயே இருந்ததால் அந்த வீட்டில் நடப்பதைப் பார்க்காமல் நான் என் வீட்டுக்குப் போக முடியாது. பார்க்காமல் போகிற ஆளும் நான் இல்லை.

குடிவந்த அன்றே என் ஸ்கூட்டி சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய் வண்டியை வேப்ப மரத்தடியில் நிறுத்தினாள். சாப்பிட்டுவிட்டு எட்டிப் பார்க்கிறேன், வண்டி வேறு இடத்தில் நிற்கிறது. சாயங்காலம் இன்னொரு இடத்தில். எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் வண்டியை ஏன் இப்படி ஊர்வலம் விடுகிறாய் என்று கேட்டேன். அவளுக்கு என் கோபமே புரியவில்லை. "நிழலு நடந்துகினே கீதும்மா. நாமதான் அது பின்னால போவணும்" என்றாள்.

உலகத்தில் எதைப் பார்த்தாலும் அவளுக்கு முதலில் தோன்றுகிற கேள்வி ஒன்றுதான். இதோட சூடு எப்படி வெளியே போகும்? சுடுசோற்றை மூடி போட்டுக் கட்டிக் கொடுத்தால் திட்டுவாள். புதிதாகக் கட்டுகிற வீட்டைப் பார்த்தால் சாமி மாடம் எங்கே என்று எல்லோரும் கேட்பார்கள், இவள் அடுப்படி ஜன்னலைத் தேடுவாள். பஸ்ஸில் வெயில் விழாத பக்கம் இடமில்லை என்றால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பாள், கூட வந்தவர்களையும் நிற்க வைப்பாள். அவளோடு எங்கேயாவது ஜல்தியாகப் போய் வரலாம் என்று நினைப்பவன் புத்திசாலி இல்லை.

ஒரு தடவை எங்கள் தெருவில் ஒருவர் திடீரென்று செத்துப்போனார். அவர் மனைவி அழவேயில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். என்ன தைரியம் பாரு என்று தெருவே மெச்சியது. காரியம் முடிந்த பிறகு அக்கா அவளைக் கூப்பிட்டு வந்து, கொட்டகையில் ஒரு கை உதவி வேண்டும் என்று உள்ளே நிறுத்தினாள். அடுப்பு இரைச்சலும் ஆவியுமாக இருந்த இடத்தில் அவளைத் தனியாக விட்டுவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தி, அதன் மேலேயே சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். உள்ளே அழுதது வெளியே யாருக்கும் கேட்கவில்லை, முதுகு வழியாக அக்காவுக்கு மட்டும் கேட்டிருக்கும். திரும்பி வந்த அந்தப் பெண்ணின் முகம் வீங்கியிருந்தது, ஆனால் அன்றைக்குத்தான் அவள் சாப்பிட்டாள்.

இனி தம்பி. சுற்றுலா வேன் ஓட்டிக்கொண்டிருந்தவன். திருப்பதி, மேல்மலையனூர், ஏலகிரி என்று வாரத்தில் பாதி நாள் ரோட்டில்தான். மலைப்பாதையில் எத்தனையோ முறை ஏறி இறங்கியவனுக்கு ஓடுகிற வண்டியில் ஒன்றும் ஆகவில்லை. நின்றுகொண்டிருந்த வேனின் மேலே ஏறி மூட்டை கட்டும்போது வழுக்கிக் கழுத்து தரையில் பட விழுந்தான். அதோடு நெஞ்சுக்குக் கீழே உணர்வு போய்விட்டது. தோளும் மணிக்கட்டும் வேலை செய்யும், விரல்கள் எதையும் பிடிக்காது. வாய் மட்டும் இரண்டு ஆள் வேலை செய்யும். படுத்த இடத்திலிருந்தே தெருவில் போகிற காய்கறிக்காரனிடம் பேரம் பேசி ஜெயிப்பான்.

அவனுக்கு வியர்க்காது. அடிபட்டதற்குக் கீழே உடம்பு தன்னைத் தானே குளிர வைத்துக்கொள்ளாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெளியே வெயில் ஏறினால் இவன் உடம்பும் கூடவே ஏறும். ஏசி போட்டால் குளிருக்குக் கால்கள் வெட்டி இழுத்துக்கொண்டன. அதனால் ஃபேன், ஈரத்துணி, அக்காவின் புறங்கை, இந்த மூன்றையும் வைத்துத்தான் அவனுடைய கோடைக்காலங்கள் கழிந்தன. சாயக் கொட்டகையிலிருந்து நினைத்துக்கொண்டால் ஓடி வந்து அவன் கழுத்தைத் தொட்டுவிட்டுப் போவாள்.

உறவுக்காரர் ஒருவர் அவனுக்குப் பொழுது போகட்டும் என்று ஒரு பழைய லேப்டாப்பைக் கொடுத்தார். அதில் வண்டி ஓட்டுகிற கேம் இருந்தது. தொடை மேல் தலையணை வைத்து, அதன் மேல் லேப்டாப்பை வைத்து, மணிக்கட்டால் தட்டித் தட்டி ஓட்டினான். தலையணை எப்போது சரிந்தது என்று அவனுக்குத் தெரியாது. சாயங்காலம் லுங்கி மாற்றும்போது அக்கா பார்த்தாள். லேப்டாப் உட்கார்ந்திருந்த அளவுக்குத் தொடைத் தோல் வெந்திருந்தது. அவன் மலைப்பாதையில் இறங்கிக்கொண்டிருந்த நேரமெல்லாம் வெந்துகொண்டே இருந்திருக்கிறது. அந்தப் புண் ஆற ஒரு மழைக்காலம் முழுக்கப் பிடித்தது. லேப்டாப் அன்றைக்கே திரும்பிப் போனது.

அதற்குப் பிறகு அவன் பேசுவதை நிறுத்திக்கொண்டான். காய்கறிக்காரன் வாசலில் நின்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போவான். சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடப்பான், ஊட்டினால் இரண்டு வாய்க்கு மேல் வாங்கமாட்டான். புண் ஆறியது, அவன் ஆறவில்லை. அக்கா ஒரு நாள் கட்டில் ஓரமாக உட்கார்ந்து, உனக்கு என்னதான் வேணும், வாயைத் திறந்து சொல்லு என்றாள். நான் படியில் நின்றிருந்தேன்.

"வண்டி ஓட்டணும்" என்றான் அவன், சுவரைப் பார்த்தபடியே.

அக்கா புறங்கையால் அவன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். "ஓட்டு. ஆனா சூடு உன் பக்கம் வரக்கூடாது. அப்பிடி ஒரு பொட்டி நானே கட்டித் தரேன்" என்றாள்.

இதைச் சொன்னபோது கம்ப்யூட்டர் என்றால் என்னவென்று அவளுக்கு ஒன்றும் தெரியாது. எனக்கும் கேமுக்கான கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பதால் பெரிய மனது பண்ணி, சரி என்று தலையாட்டினேன். மறுநாளிலிருந்து கொட்டகைத் தூணில் ஆணி அடித்துப் போனை மாட்டிவிட்டாள். ஒரு பக்கம் பட்டு நூல் அண்டாவில் புரண்டுகொண்டிருக்கும், இன்னொரு பக்கம் எவனோ ஒரு பையன் தமிழில் பிராசசரைப் பற்றியும் கிராபிக்ஸ் கார்டைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்பான். புரியாததைத் தம்பியிடம் போய்க் கேட்பாள். அவனுக்கு இதெல்லாம் தெரியும். கேள்விக்குப் பதில் சொல்லவேண்டிய அவசியம் வந்ததும் அவனுக்கு வாய் திரும்பி வந்தது. முதலில் ஒரு வார்த்தை, பிறகு ஒரு வசவு. அவன் அவளைத் திட்டிய அன்று மாமா தறியில் இருந்தபடியே சிரித்ததை நான் பார்த்தேன்.

பெட்டிக்குள் என்னென்ன போடுவது என்பதில் அக்காவுக்கும் தம்பிக்கும் நடந்த சண்டை போல ஒரு சம்பந்தம் பேசுகிற வீட்டில்கூட நடந்திருக்காது. அவனுக்குப் பெரிய இடத்துப் பெண் மாதிரி ஒரு கிராபிக்ஸ் கார்டு வேண்டும். இருக்கிறதிலேயே பெரியது. இவள் அதன் பெருமைகளையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அது எத்தனை வாட் என்று மட்டும் கேட்பாள். அவன் சொன்னதும் அதைப் பழைய குண்டு பல்பாக மாற்றுவாள். அஞ்சு குண்டு பல்பை எரியவிட்டு உன் தலைமாட்டில் வைக்கட்டுமா என்பாள். அவன் பல்லைக் கடிப்பான். மறுநாள் கொஞ்சம் சின்ன கார்டைச் சொல்வான், இவள் மூணு பல்பு என்பாள். படம் எவ்வளவு அழகாக வரும் என்பது அவன் கட்சி. அந்த அழகுக்கு எத்தனை பல்பு எரிகிறது என்பது இவள் கட்சி. நான் இரண்டு பேருக்கும் டீ போட்டுக் கொடுத்துக்கொண்டு எந்தக் கட்சியிலும் சேராமல் இருந்தேன்.

ஒரு நாள் அவன் கடைசி அஸ்திரத்தை எடுத்தான். தண்ணீரை வைத்துக் குளிர வைக்கிற கூலர் இருக்கிறது, அதைப் போட்டால் எவ்வளவு பெரிய பிராசசரும் சில்லென்று இருக்கும், அப்புறம் உனக்கு என்ன பிரச்சினை என்றான். நானும் ஆஹா, தீர்ந்தது விஷயம் என்று நினைத்தேன். அக்கா கையில் ஒட்டியிருந்த கத்தரிப்பூக் கலரைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"தண்ணி சூட்டத் தின்னுடாதுடா. தூக்கினு போய் வேற எடத்துல கொட்டும். பொட்டி சில்லுனு இருக்கும், ரூம்பு கொதிக்கும். எனக்குப் பொட்டியப் பத்தி இன்னா கவல?"

நான் அன்று முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டரைக் குளிர வைப்பது என்றால் சூடு இல்லாமல் போய்விடுகிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். சூடு எங்கேயும் இல்லாமல் போவதில்லை. இங்கேயிருந்து அங்கே போகிறது, அவ்வளவுதான். அங்கே யார் இருக்கிறார்கள் என்று பார்க்கிறவள் அக்கா ஒருத்திதான்.

பாகங்களை உள்ளே பூட்டுகிற கேபினெட் வாங்க வேலூருக்குப் போனோம். வெயில் விழாத பக்கம் இடம் கிடைக்கும்வரை பஸ் ஸ்டாண்டில் நின்றுவிட்டுத்தான். கடைக்காரர் நல்ல மனுஷன். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்டு உள்ளே ஏழு கலரில் விளக்கு எரிகிற பெட்டியை ஆசையாகக் காட்டினார். எனக்கே அதை வாங்கி மாடியில் வைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. அக்கா முந்தானை முடிச்சிலிருந்து எதையோ எடுத்தாள். பட்டு நூல் கழிவிலிருந்து பிரித்த ஒரே ஒரு இழை. முறுக்காத, சாயம் ஏறாத பச்சை இழை, வெளிச்சத்தில் பிடித்தால்தான் கண்ணுக்கே தெரியும். அதை விரலிடுக்கில் பிடித்து ஓடிக்கொண்டிருந்த அந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னால் காட்டினாள். இழை சும்மா தொங்கியது. பக்கத்தில் முன்பக்கம் வலை வைத்த ஒரு கறுப்புப் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது, பார்க்க இரும்பு பீரோவுக்குப் பிறந்த பிள்ளை மாதிரி. அதன் முன்னால் காட்டியதும் இழை விறைத்துப் போய் வலையில் ஒட்டிக்கொண்டது. பின்பக்கம் கொண்டுபோனாள், இழை வெளிப்பக்கமாகப் பறந்தது.

கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வந்துவிட்டார். அந்த இழையை வாங்கி அவரே ஒவ்வொரு பெட்டியாகக் காட்டிப் பார்த்தார். பக்கவாட்டு ஓட்டை, மேல் ஓட்டை, எந்த ஃபேன் உள்ளே இழுக்கிறது, எது வெளியே தள்ளுகிறது, எல்லாம் அந்த இழையில் தெரிந்தது. வாங்க வந்த இரண்டு பேரும் வேடிக்கை பார்க்க நின்றுவிட்டார்கள். காற்றை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னால் நம்புவீர்களோ என்னவோ. கிளம்பும்போது கடைக்காரர் கூச்சப்பட்டுக்கொண்டே, இந்த இழை எனக்குக் கிடைக்குமா என்று கேட்டார். அக்கா முந்தானையிலிருந்து ஒரு கொத்து எடுத்துக் கொடுத்தாள். பீரோவின் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஆரணி வந்து சேர்ந்தோம்.

அவளுக்கும் தப்பு நடக்கும். தறி வீட்டில் பட்டுத் தூசி பறந்துகொண்டே இருக்கும், அது பெட்டிக்குள் போகாமல் இருக்கப் பழைய பட்டுத்துணியை வெட்டி வலைக்கு முன்னால் ஒட்டினாள். ஃபேனை மட்டும் ஓடவிட்டுப் பார்த்தால், தூசி போகவில்லை, காற்றும் போகவில்லை. மூக்கில் துணியைக் கட்டி மலை ஏறச் சொல்றாளே என்று தம்பி கத்தினான். துணியைப் பிய்த்துவிட்டுக் கொசுவலையை இரண்டாக மடித்து வைத்த பிறகுதான் சரியானது. இதற்காக அவன் அவளை ஒரு வாரம் ஓட்டினான். அவளும் சிரித்துக்கொண்டாள்.

பெட்டிக்குள் எல்லாவற்றையும் பூட்டியது அவன் கட்டில் மேலேதான். குறுக்குப் பலகையில் மதர்போர்டு. அவன் சொல்லச் சொல்ல இவள் செய்தாள், நான் டார்ச் பிடித்தேன். கடைசியில் அவன் ஒத்துக்கொண்டது ஓரளவுக்கு நடுத்தரமான ஒரு கார்டும், அதிகம் சூடாகாத ஒரு பிராசசரும், அதன் மேல் உட்காரக் கோபுரம் மாதிரி ஒரு பெரிய கூலரும். பிராசசரைக் குழியில் உட்கார வைக்கும்போது டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனேன். ஒரு முள் வளைந்தாலும் போச்சு என்று அவன் பயமுறுத்தியிருந்தான். சூடு தெரியாத அந்தக் கைகளுக்கு நூல் தெரியும். அறுந்த பட்டு இழையை முடிச்சே தெரியாமல் சேர்க்கிற விரல்கள் அவை. பூ வைப்பது போல வைத்துவிட்டு, அவ்வளவுதானே என்றாள். தெர்மல் பேஸ்ட்டைப் பட்டாணி அளவுக்குப் பிதுக்கி, கூலரை அழுத்தி, திருகை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி முடுக்கினாள். அந்த அறையில் அவளைக் கும்பிட வேண்டும் போல எனக்கு இருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

தறி அறைக்கும் தம்பி அறைக்கும் நடுவே சுவரில் ஒரு ஓட்டை போட்டார்கள். பெட்டி தறி அறையில். கேபிள்கள் மட்டும் ஓட்டை வழியே இந்தப் பக்கம். கட்டிலுக்குக் குறுக்கே ஸ்டீயரிங், அதில் அவன் மணிக்கட்டு நுழைய அவள் தைத்த இரண்டு துணி வளையம், ஆக்சிலேட்டருக்கும் பிரேக்குக்கும் கையால் தட்டுகிற இரண்டு கட்டை. திரையைக்கூடக் கால் பக்கம் தள்ளி வைத்தாள், அதுவும் சுடுமாம். அவன் வண்டியைக் கிளப்பினான். வெளிநாட்டு ரோடு, இரண்டு பக்கமும் மரம். ஒரு வளைவில் திரும்பும்போது அவன் தோள் தானாகச் சாய்ந்தது. மாமா தறியை நிறுத்திவிட்டு வந்து வாசற்படியில் நின்று பார்த்தார்.

அடுத்த வாரமே சிக்கல் ஆரம்பித்தது. தறி அறையில் ஃபேன் போடமாட்டார்கள். பட்டுக்குக் காற்றும் ஆகாது, வறட்சியும் ஆகாது. ஜன்னலைப் பாதி சாத்தி, தரையில் தண்ணீர் தெளித்துத்தான் நெய்வார்கள். பெட்டியின் சூடு அந்த அறையில் இறங்க இறங்க, தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு இழைகள் அறுந்தன. பாதி நிஜமாகவே சூட்டால், பாதி மாமாவுக்குச் சூட்டின் மேல் இருந்த சந்தேகத்தால் என்று நினைக்கிறேன். பாவம், அவர் அறுந்ததை முடிந்துகொண்டே இருந்தார். ஒரு நாள் காலையில் தாங்கமாட்டாமல், பாவு அறுந்துகினே கீது என்று தறியிடம் சொல்வது போலச் சொன்னார். சுவர் ஓட்டை வழியாக அது தம்பிக்குக் கேட்டுவிட்டது.

"மாமா, நிறுத்திடறேன்" என்று அங்கிருந்து குரல் கொடுத்தான்.

"உன்ன யாரு நிறுத்தச் சொன்னது? நீ ஓட்டு" என்றார் மாமா. சொல்லிவிட்டு மறுபடி இழையைத் தேட ஆரம்பித்தார்.

இரண்டு பேரும் இப்படி ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தால் கதை முடிந்தது, இரண்டு வேலையும் கெட்டுவிடும். அக்காவுக்கு அது தெரியும். அன்றைக்குக் கொட்டகைக்கே போகாமல் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள், இழையைக் கையில் பிடித்துக்கொண்டு. மாடிப்படிக்குக் கீழே பழைய சாமான் போட்டிருந்த மூலையில் வந்து நின்றாள். அதன் பின்சுவருக்கு அந்தப் பக்கம் கொல்லை. சாமான்களை வெளியே எடுத்துப் போட்டுவிட்டுப் பெட்டியை அங்கே நகர்த்தினாள். சமையலறைச் சிம்னிக்குப் போடுகிற வெள்ளிக் குழாயை வாங்கிவந்து பெட்டியின் முதுகிலிருந்து சுவரைத் துளைத்துக் கொல்லைக்கு விட்டாள், வெளி வாயில் ஒரு சின்ன ஃபேன். பிறகு தம்பியிடம் போய்ப் பாதியாகக் குறைத்துக்கொள் என்றாள். அவன் புலம்பிக்கொண்டே செட்டிங்ஸில் கார்டு இழுக்கிற கரன்ட்டைக் குறைத்தான், படத்தின் அழகையும் குறைத்தான். மரத்துல எலையே இல்ல என்று அழாத குறை. கோடையில் எந்த மரத்தில் இலை இருக்கும், பேசாமல் ஓட்டு என்றாள் அக்கா.

அதோடு விட்டதா? தறி வீடுகளில் விளக்கு வைக்கிற நேரத்துக்கு நெய்த புடவையைத் துணி போட்டு மூடிவிடுவார்கள். தூசி, பல்லி, கரப்பான் எதுவும் அண்டக்கூடாது. மாமா சின்ன வயசிலிருந்து அந்தி சாய்ந்தால் மூடுகிறவர். அந்த அறையில் விலை உயர்ந்ததாக எது இருந்தாலும் அவர் கை போய் மூடிவிடும். ஒரு சாயங்காலம் தறியை மூடிய கையோடு பழைய வேட்டி ஒன்றை எடுத்துப் படிக்குக் கீழே இருந்த பெட்டியையும் பொறுப்பாக நான்கு பக்கமும் இழுத்துவிட்டு மூடினார். உள்ளே அது ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியின் ஃபேன்கள் அடிபட்ட பூனை மாதிரி கத்த ஆரம்பித்தன. அக்கா, வண்டி திணறுது என்று தம்பி கூப்பிட்டான். நான் மாடியிலிருந்து இறங்கி வருவதற்குள் அக்கா வேட்டியை உருவியிருந்தாள். பெட்டியின் முதுகில் புறங்கையை வைத்து வெடுக்கென்று எடுத்தாள்.

மாமா குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து நின்றார். தெறந்து போட்டு வுட மனசு வரல என்றார். இங்கே ஒரு கச்சேரி நடக்கும் என்று நான் காத்திருந்தேன். அக்கா வேட்டியை மடித்து அவர் கையில் கொடுத்தாள். மறுநாள் உடைந்த தறிக் கட்டைகளை வைத்துப் பெட்டியைச் சுற்றி ஒரு கூடு அடித்தாள். துணியைப் போட்டால் கூட்டின் மேல்தான் விழும், பெட்டியைத் தொடாது, கீழே ஒரு சாண் திறந்திருக்கும். துணியைப் போட்டுவிட்டு இழையைக் கீழே காட்டிப் பார்த்தாள், உள்ளே போனது. மாமாவிடம் மூட வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே, இவ்வளவு வேலை எதற்கு என்று கேட்டேன்.

"பொறந்ததுலருந்து மூடற கை அது. அதப் புடிச்சி நிறுத்தினா, அதுவும் உள்ள போய்த் தங்கற சூடுதான" என்றாள். அன்றிலிருந்து மாமா தினமும் அந்தியில் நிம்மதியாக மூடினார்.

இவ்வளவும் அந்தக் கத்திரி வெயிலுக்காகத்தான். குளிர் காலத்தில் யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். வெயில் காலத்தில் நடுப்பகலில் அவன் உடம்பு ஏறாமல் ஓட்ட முடிந்தால்தான் பெட்டி ஜெயித்தது. இல்லையென்றால் கோடை முழுக்க அதை மூடி வைத்துவிடுவதாக அக்கா சொல்லியிருந்தாள். மறுபடியும் அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டால் என்ன செய்வது என்ற பயம் அந்த வீட்டில் எல்லோருக்கும் இருந்தது.

கத்திரி உச்சத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தெருவில் நாய்கூட நடக்கவில்லை. தம்பி ஓட்ட ஆரம்பித்தான். மாமா வாசற்படியில், நான் கட்டில் கால்மாட்டில். அக்கா அவன் தலைமாட்டில் நின்று கழுத்தில் புறங்கையை வைத்தபடி இருந்தாள். கேமில் பனி பெய்துகொண்டிருந்தது. இவன் மலையில் ஏறினான், இறங்கினான், ஒரு பாலத்தைத் தாண்டினான். அக்கா அக்குளில் தெர்மாமீட்டர் வைத்து எடுத்து என்னிடம் காட்டினாள், அவள் கண்ணுக்கு எண் சரியாகத் தெரியாது. எப்போதும் இருக்கிற அளவுதான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வைத்தாள், அதே அளவு. எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. ஜெயித்துவிட்டாள்.

அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை. "கழுத்து சில்லுனுதான் கீது. ஆனா எனக்கு இன்னாவோ எல்லாமே சில்லுனு தெரியுது" என்றாள்.

தம்பி வண்டியை ஓரம் கட்டினான். திரையில் பனி மட்டும் விழுந்துகொண்டிருந்தது. கழுத்தை லேசாக அவள் கைப்பக்கம் சாய்த்து, அந்தக் கையின் சூட்டைப் பார்த்தான். பிறகு குனியச் சொன்னான். எதுக்குடா என்றாள். குனி என்றான் மறுபடி. அவள் குனிந்ததும் தன் கன்னத்தை அவள் நெற்றியில் வைத்தான். அவனுக்கு உணர்வு மிச்சம் இருந்த இடம் அது.

"அக்கா, உனக்கு ஜுரம் கொதிக்குது" என்றான்.

அவளுக்குத் தெரியவில்லை. எத்தனை நாளாகவோ கொட்டகையின் வெக்கையோடு வெக்கையாக அதைச் சுமந்துகொண்டு அலைந்திருக்கிறாள். தன் நெற்றியைத் தன் கையால் தொட்டால் இரண்டும் ஒரே சூடாகத்தானே இருக்கும், எப்படித் தெரியும்? தெருவில் இருக்கிறவர்களையெல்லாம் தொட்டுப் பார்த்தவளை நாங்கள் யாரும் ஒரு நாள் தொட்டுப் பார்த்ததில்லை. மாமா சட்டையைத் தேடிக்கொண்டு ஆட்டோ பார்க்க ஓடினார். அவள் அப்போதும், வெயில் தாழட்டும், இப்ப ஆட்டோவுல போனா இன்னும் காயும் என்றாள். தம்பி அவளைக் கட்டில் பக்கத்தில் பாயில் படுக்கச் சொன்னான். படுத்தால்தான் வண்டியை எடுப்பேன் என்று பிடிவாதம் பிடித்தான். படுத்தாள். அவனுக்காக நனைத்து வைத்திருந்த துணியைப் பிழிந்து அவள் நெற்றியில் நான் போட்டேன்.

அவன் வண்டியைக் கிளப்பினான். இந்தத் தடவை வேகமே இல்லை. பின்னால் யாரோ தூங்குகிறார்கள் என்றால் ஓட்டுகிற மாதிரி, குலுங்காமல், வளைவுகளில் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து ஓட்டினான். அவன் வேனில் அவள் ஒரு நாள்கூட ஏறியதில்லை என்று மாமா பிறகு சொன்னார். அடுப்பை விட்டுவிட்டு எங்கே வருவது என்று ஒவ்வொரு முறையும் சொல்லிவிடுவாளாம்.

கண்ணை மூடியபடியே அவள் கேட்டாள். "எங்கடா போய்கினு இருக்க?"

அவன் திரையைப் பார்த்தான். பனி மூடிய ரோடு, பெயர் படிக்க முடியாத ஊர்ப் பலகை.

"களம்பூர் தாண்டிட்டம்கா" என்றான். ஆரணிக்குப் பக்கத்து ஊர் அது.

தூங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"அப்ப வடமாதிமங்கலத்துல திருப்பிக்க. பக்கத்துல கீற திருமலைய பாத்ததே இல்ல நானு" என்றாள்.

அவன் மணிக்கட்டால் தட்டி இண்டிகேட்டரைப் போட்டான்.